கனவும் மெய்ம்மையும்: மறு உலகக் கதைகள் எழுப்பும் ஒரு வினா

நாம் காணும் கனவுக்கும் நாம் வாழும் உலகிற்கும் வேறுபாடு யாது? விழித்திருக்கிறோம் என்பதை எவ்வாறு அறிகிறோம்? மெய்யியலின் மிகப் பழைய வினாக்களுள் இவையும் அடங்கும். பிளேட்டோ இவற்றை எழுப்பினார். 1641-ல் வெளிவந்த தம் 'தியானங்கள்' என்னும் நூலில் டேக்கார்ட், உறக்கத்தையும் விழிப்பையும் ஐயமின்றிப் பிரித்துக்காட்டும் அடையாளத்தைத் தேடித் திகைத்தார். கடந்த இரு நூற்றாண்டுகளில் மறு உலகக் கதைகளை இயற்றிய ஆங்கிலமொழி ஆசிரியர்கள் இவ்வினாவைத் தம் வழியில் தொடர்ந்திருக்கின்றனர்.

இக்கதைகளைச் சிறுவர்க்குரியவை என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆயினும், ஒரு கனவுலகம் எப்பொழுது மனிதனை ஏமாற்றுகிறது, எப்பொழுது அவனை உண்மைக்கு நேராக நடத்துகிறது என்பதை ஆராய அவை நமக்குப் பெரிதும் உதவும். அங்குச் செல்பவன் தன்னோடு கொண்டுசெல்லாத ஏதேனும் ஒன்று அங்கே அவனை எதிர்கொள்கிறதா என்பதே இதற்குரிய அளவுகோல் எனலாம். இதனை நான்கு ஆசிரியர்களின் கதைகளைக்கொண்டு விளக்குவோம்.

1. கனவு காண்பவர் யார்?

லூயிஸ் கரோல் ஆக்ஸ்ஃபோர்டில் கணிதம் கற்பித்தவர். 1871-ல் வெளியான அவரது 'கண்ணாடியின் வழியே' என்னும் கதையில், ஆலிஸ் என்னும் சிறுமி உறங்கிக்கொண்டிருக்கும் சிவப்பு அரசனைக் காண்கிறாள். அவன் அவளையே கனவு காண்கிறான் என்றும், அவன் விழித்தால் அவள் இல்லாமற்போவாள் என்றும் அவளிடம் கூறப்படுகிறது. அவள் அழுகிறாள். அக்கண்ணீரும் மெய்யானதன்று என்பதே அவளுக்குக் கிடைக்கும் மறுமொழி. கனவு கண்டது அவளா, அரசனா என்பது கதையின் முடிவிலும் தீர்க்கப்படவில்லை.

வேடிக்கைபோல் தோன்றினும் இதில் ஆழ்ந்த அச்சம் ஒன்று உண்டு. கனவில் உள்ளவை முற்றிலும் காண்பவனைச் சார்ந்தவை. அவன் விழித்தால் அவை மறையும். நாமும் அத்தகையவர்தாமோ? படைப்பைக் குறித்த கிறிஸ்தவப் போதனையும் எல்லாம் ஒருவரைச் சார்ந்தே நிலைநிற்கின்றன என்கிறது. எனினும் கடவுள் உலகைக் கனவு காண்பவர் அல்லர். தம்மினின்று வேறானதாகவும், தம்மோடு வழக்காடவும் வல்லதாகவும் அவர் அதனைப் படைத்தார். சார்ந்திருத்தல் வேறு, பொய்யாயிருத்தல் வேறு.

2. தன்னிடமே திரும்பும் பயணம்

அமெரிக்க எழுத்தாளர் ஹெச். பி. லவ்கிராஃப்ட் கடவுள் நம்பிக்கையற்றவர்; பருப்பொருளுக்கு அப்பால் எதுவும் இல்லை என்று கருதியவர். ஆயினும் கனவுலகைத் தம் கதைகளில் விரிவாக வரைந்தவர் அவரே. 1922-ல் வெளியான 'செலிஃபாய்ஸ்' என்னும் சிறுகதையில், குடும்பத்தையும் செல்வத்தையும் இழந்து லண்டனில் தனித்து வாழும் ஒருவன், சிறுவயதில் கனவில் கண்ட நகரத்தைத் தேடுகிறான். நெடுநேரம் உறங்குவதற்காகப் போதைப்பொருளை நாடுகிறான். முடிவில் அவன் தன் கனவு நகரத்தில் குரானெஸ் என்னும் அரசனாகிறான். அவன் உடலையோ, கடலலைகள் பாறைகளின் அடியில் எற்றி விளையாடுகின்றன. அவ்விடத்திற்கு மேலே, அவனுடைய முன்னோரின் மாளிகையில், அதை விலைக்கு வாங்கிய செல்வர் ஒருவர் வாழ்கிறார்.

லவ்கிராஃப்ட் இத்துடன் நிறுத்தவில்லை. 1926-27-ல் அவர் எழுதி, அவர் மறைந்தபின் 1943-ல் வெளியான நெடுங்கதையில் குரானெஸ் மீண்டும் வருகிறான். கனவுலகின் அரசனாகிய அவன், இப்பொழுது இங்கிலாந்தின் கார்ன்வால் கடற்கரையை எண்ணி ஏங்குகிறான். அதைப்போன்ற ஒரு சிற்றூரைக் கனவுக்குள்ளேயே அமைத்து அதில் வசிக்கிறான். உடல் மாண்டுவிட்டதால் அவன் திரும்ப இயலாது. அதே கதையின் நாயகன் ராண்டால்ஃப் கார்ட்டர் தேடியலைந்த அற்புத நகரமும், அவன் இளமையில் கண்டு நேசித்த ஊர்களின் நினைவுகளால் ஆனதே என்று தெரியவருகிறது.

இது நேர்மையான முடிவு. கனவு முழுவதும் என்னுடையதாயின், எவ்வளவு தூரம் சென்றாலும் நான் என்னையே சந்திப்பேன். பசித்தவன் உண்பதாகக் கனவு கண்டு, விழித்தபின் வெறுமையாயிருப்பதை ஏசாயா 29:8 கூறுகிறதன்றோ? குரானெஸின் நிலை அதனினும் துயரமானது. அவன் பசியோடு கனவுக்குள்ளேயே அடைபட்டுவிட்டான்.

3. ஒரே இடத்தில் இரு உலகங்கள்

ஸ்காட்லாந்தில் 1824-ல் பிறந்த ஜார்ஜ் மெக்டொனால்ட், சபைப் போதகராகச் சில ஆண்டுகள் பணியாற்றி 1853-ல் அப்பணியிலிருந்து விலகியவர். 1895-ல் வெளியான அவரது 'லிலித்' என்னும் கதையில், வேன் என்பவர் தம் வீட்டின் மேன்மாடத்திலுள்ள கண்ணாடியினூடே மறு உலகிற்குச் செல்கிறார். அவ்வுலகம் தொலைவில் இல்லை. அங்கே நிற்கும் ஒரு மரம் அவரது வீட்டு அடுப்படியிலேயே நிற்பதாக அவருக்குச் சொல்லப்படுகிறது. ஒரே இடத்தில் இரு பொருள்கள் இருத்தல் கூடாதென்பது நம் பொது அறிவு. மெக்டொனால்டோ, இருப்பின் நிலைகள் பல; நம் கண்கள் அவற்றுள் ஒன்றையே காணப் பழகியுள்ளன என்கிறார்.

அவ்வுலகம் வேனின் விருப்பத்திற்கு இணங்குவதில்லை. முதலில் அவரிடம் கேட்கப்படுவது, இறந்தோர் உறங்கும் இல்லத்தில் தாமும் படுத்துறங்க வேண்டும் என்பதே. அவர் அஞ்சி ஓடுகிறார். அதன் விளைவாகத் துன்பங்கள் தொடர்கின்றன. தமக்கு வேண்டாத கட்டளை ஒன்றைத் தம் கனவிலேயே கேட்க நேரிட்டால், அது எங்கிருந்து வந்தது என்று வினவ வேண்டியவராகிறோம். கனவு நம்முள் நிகழ்வதால் மட்டும் அது நம்மால் உண்டானது என்று கொள்ளவேண்டியதில்லை.

4. வாயிலுள்ள உலகம்

மெக்டொனால்டைத் தம் ஆசானாகப் போற்றியவர் சி. எஸ். லூயிஸ். 1950-ல் தொடங்கிய அவரது நார்னியாக் கதைகளில், மறு உலகம் கனவாகவே கூறப்படவில்லை. சிறுமி லூசி அலமாரியின் வழியே நார்னியாவில் நெடுநேரம் இருந்து திரும்புகிறாள். இங்கோ ஒரு நிமிடமும் கடக்கவில்லை. இதனால் உடன்பிறந்தோர் அவளை நம்ப மறுக்கின்றனர். முதிய பேராசிரியரோ, அவள் கூற்றுக்கு இதுவே சான்று என்கிறார். மறு உலகிற்குத் தனிக் காலம் இருத்தல் கூடும். பொய் புனையும் சிறுமி அதை எண்ணியிருக்கமாட்டாள், சற்று நேரம் ஒளிந்திருந்தே வந்திருப்பாள். நாம் புனைந்திருக்க மாட்டாத கூறு ஒன்று இருப்பதே மெய்ம்மையின் அடையாளம் என்பது அவர் வாதம்.

இங்கு ஒரு வேறுபாட்டைக் குறிப்பிட வேண்டும். 1986-ல் அமெரிக்க மெய்யியலாளர் டேவிட் லூயிஸ், இயலக்கூடிய உலகங்கள் யாவும் நம் உலகைப் போன்றே உள்ளன என்று வாதிட்டார். ஆனால் அவற்றுக்கிடையே போக்குவரத்து இல்லை. ஒன்றில் நிகழ்வது மற்றொன்றைத் தொடாது. நார்னியாவுக்கோ வாயில் உண்டு. வாயில் இருப்பதால் அழைப்பும் பொறுப்பும் திரும்புதலும் உண்டு. 1952-ல் வந்த கதையின் இறுதியில், நார்னியாவில் தம்மை அறிந்த பிள்ளைகள் தங்கள் உலகிலும் தம்மை வேறு பெயரால் அறிய வேண்டும் என்று அஸ்லான் அறிவுறுத்துகிறார். அதே கதையில் கனவுகள் நனவாகும் இருண்ட தீவும் வருகிறது. அதைக் கேட்டு முதலில் மகிழ்ந்த கப்பலோட்டிகள், தாம் உண்மையில் காணும் கனவுகள் எத்தகையவை என்பதை எண்ணியவுடன் திகிலுற்றுத் துடுப்புகளை வலிக்கின்றனர்.

5. விழித்தெழுந்த பின்

ஜே. ஆர். ஆர். டோல்கீன் 1939-ல் ஸ்காட்லாந்தில் ஆற்றிய சொற்பொழிவில், சிறையிலிருந்து தப்புபவனையும் போர்முனையை விட்டோடுபவனையும் ஒன்றாக எண்ணலாகாது என்று எச்சரித்தார். கணினி விளையாட்டுகளிலும் மெய்நிகர் உலகங்களிலும் இரவுகளைக் கழிக்கும் இளைஞரைக் கண்டிக்க விரைகின்ற நாம் இதை நினைவிற்கொள்வது நலம். குரானெஸ் வீடிழந்தவன், உறவிழந்தவன். அவனிடம் கனவின் பொய்ம்மையை மட்டும் எடுத்துரைத்துப் பயன் என்ன? விழித்தெழுவதற்கு இங்கு அவனுக்கு ஓர் இடம் வேண்டுமன்றோ?

ஆதியாகமம் 28-ல் யாக்கோபும் வீட்டைப் பிரிந்த தனியனாகவே கல்லின்மேல் தலைசாய்த்துக் கனவு காண்கிறான். அவன் அக்கனவுக்குள் குடியேறவில்லை. விழித்தெழுந்து, அதே கல்லைத் தூணாக நிறுத்தி, பொருத்தனை செய்து, தன் வழியே நடக்கிறான். இரவில் தலையணையாக இருந்த கல் காலையில் சாட்சியாயிற்று. கனவு அவனுக்கு வெளியேயிருந்து வந்தது. ஆகையால் அவன் நின்ற நிலத்தையே அது மாற்றிற்று. மறு உலகக் கதைகளை வாசிப்போரும், அவ்வாசகரிடையே ஊழியம் செய்வோரும் கேட்கவேண்டிய வினா இதுவே: நூலை மூடி வைத்தபின் நம் காலடியிலுள்ள கல் நமக்கு வேறாகத் தோன்றுகிறதா?