சேர்ந்து விழும் டிஸ்க்குகள்

தகவல் கிடங்கு – 11

ஹார்டு டிஸ்க்கின் உள்ளே எழுதுமுனை தட்டைத் தொடாமல் எப்படி மிதக்கிறது என்று சென்ற வாரம் பார்த்தோம். அவ்வளவு நுட்பமான கருவி ஒருநாள் பழுதாகத்தான் செய்யும். பழுதானாலும் மருத்துவமனையில் நோயாளியின் பதிவு திறக்க வேண்டும். பத்திரப் பதிவு நடுவில் நிற்கக் கூடாது. சர்வருக்குள் இந்தப் பொறுப்பை ஏற்றிருக்கும் அட்டைக்கு ரெய்டு கன்ட்ரோலர் என்று பெயர்.

1988-ல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி கட்ஸ் மூவரும் சிகாகோ மாநாடு ஒன்றில் ஒரு கட்டுரையை முன்வைத்தார்கள். ஐபிஎம் 3380 போன்ற பிரம்மாண்டமான, விலை மிகுந்த டிஸ்க்குகள் பெருங்கணினிகளை ஆண்ட காலம் அது. அவற்றுக்குப் பதிலாக, பெர்சனல் கம்ப்யூட்டருக்கென வந்த சின்ன டிஸ்க்குகளை வரிசையாகக் கோத்தால் செலவு குறையும், வேகம் கூடும் என்பது அவர்கள் வாதம். அதிலுள்ள ஆபத்தையும் அவர்களே கணக்குப் போட்டுக் காட்டினார்கள். ஒரு சின்ன டிஸ்க் சராசரியாக 30,000 மணி நேரம் உழைக்கும் என்று வைத்துக்கொள்வோம். நூறு டிஸ்க்கைச் சேர்த்தால் 300 மணி நேரத்துக்கு ஒருமுறை ஏதோ ஒன்று விழும். இரண்டு வாரம்கூடத் தாங்காது. ஆகவே எந்த ஒன்று விழுந்தாலும் மற்றவற்றைக் கொண்டு மீட்கும் வழி வேண்டும். அதுதான் ரெய்டு.

வழி எளிமையானது. மூன்று டிஸ்க்கில் 4, 7, 9 என்று இருக்கிறது. நான்காவதில் கூட்டுத்தொகை 20 இருக்கிறது. ஏழு இருந்த டிஸ்க் போய்விட்டால், 20-லிருந்து 13-ஐக் கழித்து ஏழைத் திரும்பப் பெறலாம். கன்ட்ரோலர் உண்மையில் செய்வது பிட் அளவில் ஒற்றைப்படையா, இரட்டைப்படையா என்று குறித்துவைக்கும் பேரிட்டி கணக்கு, தத்துவம் ஒன்றே. ரெய்டு 5 இந்தக் குறிப்பை எல்லா டிஸ்க்கிலும் பரப்பி வைக்கிறது, ஒரு டிஸ்க்கின் இழப்பைத் தாங்குகிறது. ரெய்டு 6 இரண்டைத் தாங்கும். ரெய்டு 1 அப்படியே இரட்டைப் பிரதி.

கன்ட்ரோலரின் அன்றாட வேலையில் வெளியே தெரியாத ஒன்று, ரோந்து வாசிப்பு. சர்வர் ஓய்வாக இருக்கும் நேரத்தில் யாரும் தொடாத மூலைகளைக்கூட அது படித்துப் பார்க்கிறது. படிக்க முடியாத இடம் தென்பட்டால் பேரிட்டியிலிருந்து சரிசெய்து எழுதிவிடுகிறது. சர்வர் வேகம் குறைகிறது என்று சில இடங்களில் இதை நிறுத்தி வைத்துவிடுகிறார்கள். மிகத் தவறான சிக்கனம் இது.

இன்னொன்று பேட்டரி. எழுத வந்த தகவலை கன்ட்ரோலர் முதலில் தன் கேஷ் நினைவகத்தில் வாங்கிக்கொண்டு, “எழுதியாயிற்று” என்று சர்வருக்குச் சொல்லிவிடும்; டிஸ்க்கில் எழுதுவது பிறகு. இடையில் மின்சாரம் போனால் அந்தத் தகவலைக் காப்பாற்றவே பேட்டரி. அது வலுவிழந்தால் பெரும்பாலான கன்ட்ரோலர்கள் தாமாகவே நேரடியாக டிஸ்க்கில் எழுதும் முறைக்கு மாறிவிடும். சர்வர் திடீரென்று மந்தமாகும். காரணம் தெரியாமல் சாஃப்ட்வேரைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

உண்மையான சோதனை, ஒரு டிஸ்க் விழுந்த பிறகுதான் தொடங்குகிறது. ஆரஞ்சு விளக்கு எரிகிறது. ஹாட் ஸ்பேர் எனப்படும் மாற்று டிஸ்க் தயாராக இருந்தால் கன்ட்ரோலர் அதில் ரீபில்டைத் தொடங்கிவிடும். 8 டெராபைட் டிஸ்க்கில் வினாடிக்கு 200 மெகாபைட் இடைவிடாமல் எழுதினாலும் 11 மணி நேரம் ஆகும். சர்வர் தன் வழக்கமான வேலையையும் பார்த்துக்கொண்டிருப்பதால் அது நாள் கணக்கில் நீளலாம். அத்தனை நேரமும் ரெய்டு 5-க்குப் பாதுகாப்பே இல்லை. மீதமுள்ள டிஸ்க்குகளை முதலிலிருந்து கடைசிவரை படித்தாக வேண்டும். அவை பெரும்பாலும் அதே வயதில், அதே சுமையை இழுத்துத் தேய்ந்தவை. பெரிய டிஸ்க்குகளுக்கு ரெய்டு 5-ஐ இனி யாரும் தேர்ந்தெடுக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. ரெய்டு 6-க்கு ஒரு டிஸ்க் கூடுதலாகச் செலவாகும், ஆகட்டும்.

இவை எல்லாவற்றுக்கும் அடியில் ஓர் அனுமானம் இருக்கிறது: டிஸ்க்குகள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் தனித்தனியாகப் பழுதாகும் என்பது. 1988-ன் கணக்கும் அதன்மீதுதான் நின்றது. அதை உரசிப் பார்த்தவர்களில் ஒருவர், அந்த மூவரில் ஒருவரான கார்த் கிப்சனே. பியாங்கா ஷ்ரோடருடன் சேர்ந்து ஏறத்தாழ ஒரு லட்சம் டிஸ்க்குகளின் பதிவுகளை அவர் ஆராய்ந்தார். முடிவுகள் 2007-ல் வந்தன. ஆண்டுக்கு 0.88 சதவீதத்துக்கு மேல் பழுதாகாது என்பது தயாரிப்பாளர்களின் விவரத்தாள்கள் தந்த கணக்கு. களத்தில் 2 முதல் 4 சதவீதம் மாற்றப்படுவது சாதாரணமாக இருந்தது; சில இடங்களில் 13 சதவீதம்வரை போனது. அதைவிட முக்கியமானது, பழுதுகள் ஒன்றையொன்று தொடர்ந்து வந்தன என்பது. ஒரு வாரம் அதிகம் விழுந்தால் அடுத்த வாரமும் அதிகம் விழுந்தது. தன் இளமைக்கால ஆய்வின் அடித்தளத்தைத் தானே தோண்டிப் பார்க்கும் நேர்மை அறிவியலுக்கே உரிய அழகு.

அந்த அனுமானம் முற்றாக உடைந்த சம்பவம் 2019 நவம்பரில் வெளிவந்தது. ஹெச்பிஇ நிறுவனம் தன் வாடிக்கையாளர்களை எச்சரித்தது: குறிப்பிட்ட சில எஸ்எஸ்டி மாடல்கள் 32,768 மணி நேரம் ஓடியதும், அதாவது 3 ஆண்டு 270 நாள் 8 மணி நேரத்தில், செயலிழந்துவிடும், அதன்பின் டிரைவையும் மீட்க முடியாது, தகவலையும் மீட்க முடியாது. பிழை ஃபர்ம்வேரில் இருந்தது. 32,768 என்பது இரண்டின் 15-ஆம் அடுக்கு. ஒரே நாளில் பொருத்தி ஓடவிட்ட டிரைவ்கள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் போய்விடும். இதன் முன்னால் ரெய்டு 6 என்ன செய்யும்? ஹாட் ஸ்பேரும் அதே மாடலாக இருந்து, அன்றிலிருந்தே மின்சாரத்தில் இருந்தால், அதுவும் கூடவே போகும். 2020 மார்ச்சில் இதேபோல் இன்னோர் எச்சரிக்கை வந்தது. அந்த முறை எல்லை 40,000 மணி நேரம். இரண்டுக்கும் மருந்து ஒன்றே, நேரத்துக்குள் ஃபர்ம்வேரைப் புதுப்பிப்பது.

அதனால்தான் டிஸ்க் நிர்வாகத்தில் தேர்ந்தவர்கள் ஒரே பேட்ச் டிஸ்க்குகளால் ஒரு வரிசையை நிரப்புவதில்லை. பழுதான டிஸ்க்கை உருவுமுன் கன்ட்ரோலரிடம் சொல்லி அதன் விளக்கைச் சிமிட்டவைத்து, சீரியல் எண்ணையும் சரிபார்க்கிறார்கள். அவசரத்தில் பக்கத்து டிஸ்க்கை உருவிவிட்டால் ரெய்டு 5 அந்த நொடியே விழுந்துவிடும். கூடவே, முழு பேக்கப்பை வேறு சர்வரில், முடிந்தால் வேறு கட்டடத்தில் வைக்கிறார்கள். கைதவறி ஒரு ஃபைலை அழித்தால் கன்ட்ரோலர் அந்த அழிப்பையும் எல்லா டிஸ்க்கிலும் பிசகாமல் செய்து முடித்துவிடும். அதை பேக்கப் மட்டுமே திருப்பித் தரும்.

உங்கள் அலுவலகத்தில் சர்வர் இருக்கிறதா? டிஸ்க் பழுதானால் கன்ட்ரோலர் அனுப்பும் எச்சரிக்கை மெயில் இப்போது யாருக்குப் போகிறது என்று நாளைக் காலையில் கேளுங்கள். வேலையை விட்டுப் போனவரின் முகவரிக்குப் போய்க்கொண்டிருந்தால், அன்றே மாற்றச் சொல்லுங்கள்.

(தொடரும்)