இரும்பு இடம் மாறினால் காந்தம் குறையும்!

ஒரே சேர்மானம், ஒரே அளவு. ஆனால் ஒரு துண்டு நல்ல காந்தம், இன்னொன்று அரைகுறைக் காந்தம். எடை போட்டுப் பார்த்தாலும் வித்தியாசம் தெரியாது. அப்படியென்றால் கோளாறு எங்கே?

ஸ்ட்ரான்சியம், இரும்பு, மாலிப்டினம், ஆக்சிஜன் ஆகிய நான்கும் சேர்ந்த ஆக்சைடு இது. காந்தத்தை அருகில் கொண்டுபோனால் இதன் மின்தடை குறையும். சாதாரண அறை வெப்பநிலையிலேயே இது நடப்பதை 1998-ல் ஜப்பானின் கோபயாஷி, டோகுரா குழுவினர் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். சுமார் 140 டிகிரி செல்சியஸ் வரை இது காந்தமாகவே இருக்கும்.

உள்ளே எட்டிப் பார்த்தால், செஸ் போர்டு மாதிரி இரும்பும் மாலிப்டினமும் மாறி மாறி அமர்ந்திருக்கும். கறுப்புக் கட்டத்தில் இரும்பு, வெள்ளையில் மாலிப்டினம். அப்போது இரும்பு அணுக்களின் குட்டிக் காந்தங்கள் எல்லாம் ஒரே திசையில் நிற்கும்.

நிஜத்தில் சில அணுக்கள் இடம் மாறி உட்கார்ந்துவிடுகின்றன. வெள்ளைக் கட்டத்துக்கு வந்த இரும்புக்குச் சுற்றிலும் இரும்பே பக்கத்து வீடு. நடுவில் ஆக்சிஜன் இருக்க, இரண்டு இரும்புகள் நெருங்கினால் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் திரும்பிக்கொள்ளும்! இதனால் நஷ்டம் இரட்டிப்பு. ஒருவர் கட்சி மாறினால் இங்கே ஒரு ஓட்டு குறைந்து, அங்கே ஒன்று கூடுமே, அதே கணக்குதான். காந்த வலிமை 4 அலகு இருக்கவேண்டிய இடத்தில், 10 சதவிகித இரும்பு இடம் மாறினாலே 3.2 ஆகிவிடும். பாதி இரும்பு மாறிவிட்டால், இந்தக் கணக்குப்படி பூஜ்யம்.

மின்சாரத்தின் கதை இன்னும் சுவாரஸ்யம். ஒழுங்கான துண்டில், 'ஸ்பின்' எனப்படும் சுழற்சி ஒரே பக்கமாக உள்ள எலெக்ட்ரான்களுக்கு மட்டும்தான் வழி. பக்கத்துத் துகளின் காந்தமும் அதே திசையில் இருந்தால் எளிதாகத் தாவும், இல்லையென்றால் தவிக்கும். சிறிய காந்தம் துகள்களைத் திருப்பிவிட்டாலே மின்தடை சட்டென்று இறங்குவது இதனால்தான்.

ஒழுங்கு கலைந்த துண்டில்? பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தின் டி.டி.சர்மா, மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் இ.வி.சம்பத்குமாரன் உள்ளிட்டோர் இரண்டு வகையையும் தயாரித்து ஒப்பிட்டார்கள். 2000-ல் வெளியான முடிவு இது: ஒழுங்கு கலைந்ததில் அந்தச் சட்டென்ற இறக்கமே காணோம். வலுவான காந்தத்துக்கு மட்டும் ஓரளவு அசைந்துகொடுத்தது.

அணுக்களை ஒழுங்காக உட்காரவைப்பது உலையின் கையில் இருக்கிறது. மாவு ஒன்றுதான், அடுப்புச் சூடுதான் வேறு. சூடு போதாவிட்டால் அணுக்கள் நகர்ந்து தங்கள் இடத்துக்குப் போகாது. அதிகமானால் துள்ளிக் குதித்து, உட்கார்ந்த இடத்தையும் கலைத்துவிடும்.