ஊர்தியை ஆளும் கலை

சாலையில் விரையும் மகிழுந்தைக் காணும் இளையோர்க்கு அதனைத் தாமே ஓட்டிப் பார்க்கும் விருப்பம் எழுவது இயல்பு. ஆயினும் ஓட்டுதல் என்பது விரைந்து செல்லுதல் அன்று. வேண்டியவாறு நகர்த்தவும் வேண்டிய இடத்தில் நிறுத்தவும் வல்லமை பெறுதலே ஆகும். கியர் மாற்றி ஓட்டும் மகிழுந்தின் அடிப்படைகளை இங்கு அறிவோம்.

மூன்று மிதிகள்

ஓட்டுநரின் காலடியில் இடமிருந்து வலமாகக் கிளட்ச், பிரேக், ஆக்சிலரேட்டர் என மூன்று மிதிகள் உள்ளன. இடக்கால் கிளட்சுக்கு மட்டுமே உரியது. ஏனைய இரண்டையும் வலக்காலே இயக்க வேண்டும். ஒரே கால் இரண்டிற்கும் பொதுவாவதால், விரைவூட்டலும் தடுத்தலும் ஒருசேர நிகழா.

அரை கிளட்ச்

எஞ்சின் சுழன்றுகொண்டிருக்கிறது, நிற்கும் ஊர்தியின் சக்கரங்களோ அசைவற்றுள்ளன. இவ்விரண்டையும் திடீரென இணைத்தால் ஊர்தி குலுங்கி, எஞ்சின் நின்றுவிடும். கிளட்சை முழுதும் அழுத்தினால் இணைப்புப் பிரியும். மெல்ல விட்டால் தட்டுகள் உரசியவாறு சிறிது சிறிதாக இணையும். எஞ்சினின் ஒலி தாழ்ந்து ஊர்தி மெல்ல அதிரும் அந்நிலையே 'அரை கிளட்ச்' எனப்படும். அங்கே காலைச் சற்று நிறுத்தி, ஆக்சிலரேட்டரை மென்மையாக அழுத்தினால் ஊர்தி சீராக நகரும். கற்போர் பெரிதும் இடர்ப்படுவது இங்குதான். எஞ்சின் நின்றுபோனால் பதற வேண்டா. பிரேக்கை அழுத்தி, கியரை நடுநிலைக்குக் கொணர்ந்து மீண்டும் தொடங்கலாம்.

மேடும் பள்ளமும்

ஏற்றத்தில் நிற்கும் ஊர்தி பின்னோக்கி உருளும். எனவே கைப்பிரேக்கை இட்டு, அரை கிளட்ச் நிலை வந்து ஊர்தி முன்னேற முனைந்த பின்னரே அதனை விடுவிக்க வேண்டும். 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலைச் சாலை போன்ற இறக்கங்களில் பிரேக்கை இடைவிடாது அழுத்தினால் அது சூடேறித் திறன் இழக்கும். தாழ்ந்த கியரில் இறங்கினால் எஞ்சினே விரைவைக் கட்டுப்படுத்தும். கியரை நடுநிலையில் விட்டு இறங்குதல் பேரிடர் தரும்.

விரைவும் தொலைவும்

மணிக்கு 60 கிலோமீட்டர் விரைவில் செல்லும் ஊர்தி ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கிறது. இடரைக் கண்டு கால் பிரேக்கை அடைவதற்குள் ஒரு நொடி கழிந்தால், அத்தொலைவு கைநழுவிப் போகும். விரைவு இருமடங்கானால், பிரேக் அழுத்தியபின் ஊர்தி நிற்கத் தேவைப்படும் தொலைவு நான்கு மடங்காகும். முன்செல்லும் ஊர்திக்கு இடைவெளி விடுவதன் காரணம் இதுவே.

காத்திருத்தலும் ஒரு பயிற்சி

மகிழுந்து ஓட்டும் உரிமத்திற்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும். அதற்குமுன் ஓட்டிக் குற்றம் புரிந்தால் பெற்றோர்க்குச் சிறைத்தண்டனையும் கிடைக்கக்கூடும். ஓட்டியவர் 25 வயது வரை உரிமம் பெற இயலாது. இன்று பயணியாக அமர்ந்து, ஓட்டுநரின் கால்களையும் கண்களையும் உற்றுநோக்குங்கள். விரைவை அடக்கக் கற்றவரே ஊர்தியை ஆளத் தகுதியுடையவர்.