வாய்ப்புண்ணும் வயிற்றுப் பசியும்

மாரிக்குப்பத்திலிருந்து விடியற்காலையில் பெங்களூர் செல்லும் பாசஞ்சர் வண்டியில், கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு பேசாது அமர்ந்திருக்கும் சிலரை அன்பர்கள் கண்டிருக்கலாம். சீட்டுக் கொடுக்கும் சாளரத்திலிருந்து நாம் அவர்களை நன்கறிவோம். 1973 முதல் இயங்கிவரும் கிட்வாய் புற்றுநோய் மருத்துவமனையின் சான்றிதழைக் காட்டிக் கட்டணச் சலுகை பெறுபவர்கள். தங்கச் சுரங்கம் 2001 பிப்ரவரி 28-இல் மூடப்பட்டது. நம்மவரிடம் புகையிலையும் பீடியும் ஒழிந்தபாடில்லை.

வாய், தொண்டைப் புற்றுக்குக் கதிர்ச் சிகிச்சை, வாரம் ஐந்து நாளாகப் பெரும்பாலும் ஆறேழு வாரம் நடைபெறும். இரண்டாம் மூன்றாம் வாரத்தில் வாயின் உட்புறம் வெந்து புண்ணாகும், உமிழ்நீர் வற்றும், சுவை கெடும். விழுங்க அஞ்சி நோயாளி உணவைக் குறைப்பார். உடல் மெலிந்தால் புண் ஆறாது, தொற்று எளிதில் பற்றும், சிகிச்சையையே நிறுத்த நேரும். நிறுத்திய நாட்களில் எஞ்சிய புற்றணுக்கள் மீண்டும் பெருகும். விபரீதம் இங்கேதான் விளைகிறது.

நமக்கு மாமன் முறையான ஒருவர், பழைய சுரங்கத் தொழிலாளி, 58 கிலோ எடையோடு சிகிச்சைக்குச் சென்றார். மூக்கு வழியே இரைப்பைக்குக் குழாய் இடலாமென்று மருத்துவர் கூறியபோது, "குழாய் போட்டால் கடைசிக் காலம்" என மறுத்தார். நாமும் அவர் பக்கமே பேசினோம். அது நம் பிழை. காலையும் மாலையும் ஒரு தம்ளர் கேழ்வரகுக் கஞ்சியே உணவாயிற்று. நான்காம் வாரம் எடை 51. ஒரு மாதத்தில் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைந்தாலே அபாயம் என்பர். இவருக்குப் பன்னிரண்டு குறைந்திருந்தது. சிகிச்சை எட்டு நாள் நின்றது.

அப்பொழுதுதான் உணவுக் கணக்கை நாம் கேட்டறிந்தோம். கிலோவுக்கு 25 முதல் 30 கலோரி, புரதம் 1 முதல் 1.5 கிராம், அதாவது 50 கிலோ உடலுக்கு நாளொன்றுக்கு 1,500 கலோரி வரை, புரதம் 50 கிராமுக்குக் குறையாமல். ஒரு முட்டையில் உள்ளதே 6 கிராம். நீர்த்த கஞ்சியில் என்ன இருக்கும்? அதில் பால், வறுத்தரைத்த வேர்க்கடலை மாவு, நெய் சேர்க்கவேண்டும். மிளகாயும் சூடும் ஆகா. சிறிது சிறிதாகப் பலமுறை தரவேண்டும். குடிக்கையில் புரையேறினால் வற்புறுத்தாது உடனே மருத்துவரிடம் கூறவேண்டும். வாரந்தோறும் எடை பார்ப்பதும் அவசியம்.

நிற்க. மாமன் குழாய்க்கு இசைந்தார், சிகிச்சையும் நிறைவேறிற்று. இரு மாதம் கழித்துக் குழாயை எடுத்த அன்று அவர் மிளகு ரசம் கேட்டார். அத்தை மிளகில்லாமல் வைத்துக் கொடுத்தார்கள்.