ஒரே நிரலுக்கு இரண்டு பெயர்: ஏன்? எப்படி?

காளஹஸ்திக்குத் தேவாரத்தில் திருக்காளத்தி என்று பெயர். ஊர் ஒன்று என்பதால் எந்தப் பெயரில் தேடினாலும் கணினி ஒரே விடையைத் தர வேண்டும். ரூபி மொழியில் இதற்கென 'ஏலியஸ்' என்ற திறவுச்சொல் உண்டு.

'காளஹஸ்தி' என்ற செயற்கூறு மாவட்டத்தின் பெயராகச் 'சித்தூர்' என்று தருவதாகக் கொள்வோம். அதன் கீழே 'ஏலியஸ் காளத்தி காளஹஸ்தி' என்று ஒரு வரி. புதுப்பெயர் முதலில் வரும். நடுவே காற்புள்ளி கூடாது. இனி இரண்டு பெயருக்கும் விடை சித்தூர்தான்.

2022 ஏப்ரல் 4-இல் திருப்பதி மாவட்டம் உருவாகி, காளஹஸ்தி அதில் சேர்ந்தது. நிரலின் பிற்பகுதியில் 'காளஹஸ்தி'யை மறுபடி வரையறுத்தால் அது 'திருப்பதி' என்று சொல்லும்; 'காளத்தி' மட்டும் சித்தூரிலேயே நிற்கும்! ஏன்? ஏலியஸ் ஒரு பெயரை இன்னொரு பெயரோடு கட்டுவதில்லை. அந்த வரி இயங்கும் நேரத்தில் இருக்கும் வரையறையோடுதான் கட்டுகிறது. மாற்றத்துக்குப் பின் ஏலியஸ் வரியை மீண்டும் எழுதினால் இரண்டும் ஒத்துப்போகும்.

தொல்லையாகத் தோன்றும் இந்தக் குணமே கைதேர்ந்தவர்களுக்கு வசதி. பழைய செயற்கூற்றை மாற்றுப்பெயரில் பத்திரப்படுத்திவிட்டு, அதை அழைத்துக்கொள்ளும் புதியதைப் பழைய பெயரிலேயே எழுதிவிடுகிறார்கள்.

மாற்றுப்பெயர் வசதி பிற மொழிகளிலும் உண்டு: சி++ மொழியில் 2011 முதல் 'யூசிங்' என்ற திறவுச்சொல் தரவு வகைகளுக்கு மாற்றுப்பெயர் தருகிறது. அங்கே வகை பழையதே, பெயர் மட்டுமே புதிது.