எம்.சி.பி. எத்தனை நிமிஷத்தில் விழுகிறது?

“அண்ணாச்சி, எம்.சி.பி. நிக்கவே மாட்டேங்குது. பெருசா ஒண்ணு மாட்டி விட்டுருங்க.” ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் அக்னி நட்சத்திரம் தொடங்கினால் ஒயர்மேன்களுக்கு வரும் போன்களில் நோயும் மருந்தும் சேர்ந்தே வரும். மருந்துதான் தப்பு. “எத்தனை நிமிஷத்துல விழுது?” என்று திருப்பிக் கேட்கிற ஒயர்மேன் கிடைத்தால் அவரை விட்டுவிடாதீர்கள். பாதி வேலை அந்தக் கேள்வியிலேயே முடிந்துவிடும்.

எம்.சி.பி. என்கிற அந்தச் சின்னப் பெட்டிக்குள் இரண்டு ஏற்பாடுகள் உண்டு. ஒன்று, சூட்டில் வெவ்வேறு அளவுக்கு விரியும் இரு உலோகங்களை ஒட்டிச் செய்த பட்டை. அளவுக்கு மேல் மின்சாரம் ஓடினால் அது சூடேறி வளைந்து கொக்கியைத் தட்டிவிடும். அதற்கு நேரம் பிடிக்கும். மற்றது, கம்பிச் சுருள். பல மடங்கு மின்சாரம் பாய்ந்தால் அது காந்தமாகி, கண் இமைப்பதற்குள் துண்டித்துவிடும். ஜெர்மனியின் மான்ஹைம் நகரில் ஹ்யூகோ ஸ்டோட்ஸ் இதற்குக் காப்புரிமை வாங்கியது 1924-ல். அடிப்படை இன்றும் அதேதான்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா விறகடுப்பில் கிண்டுவதற்குப் பேர்போனது. வீட்டுச் சமையல்தான் இண்டக்‌ஷன் பக்கம் நகர்ந்துகொண்டிருக்கிறது. 230 வோல்ட்டில் 2,000 வாட் அடுப்பு இழுப்பது 8.7 ஆம்பியர். அதே லைனில் 2,000 வாட் ஹீட்டர் ஓடினால் இன்னொரு 8.7. நடுவே 750 வாட் மிக்ஸிக்கு 3.3. மொத்தம் 20.7 ஆம்பியர், மாட்டியிருப்பதோ 16 ஆம்பியர் எம்.சி.பி. உடனே விழ வேண்டுமே? விழாது. தரவிதிப்படி அது 1.13 மடங்கை, அதாவது சுமார் 18 ஆம்பியரை, ஒரு மணி நேரம் தாங்கியாக வேண்டும். 1.45 மடங்கில், அதாவது 23.2 ஆம்பியரில், ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தாக வேண்டும். நம் 20.7 இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. விழலாம், விழாமலும் போகலாம். “நேத்து நல்லாத்தானே இருந்துச்சு” என்ற புலம்பலுக்கு விடை இதுதான்.

வெயிலுக்கும் இதில் பங்குண்டு. பட்டையின் அளவு 30 டிகிரி செல்சியஸை வைத்துத்தான் குறிக்கப்படுகிறது. மேற்குச் சுவரில் வெயில் காயும் பெட்டிக்குள் சூடு 40-ஐத் தாண்டினால் பட்டை சீக்கிரமே வளைந்துவிடும். மார்கழியில் தாங்கிய லோடு வைகாசியில் தாங்காமல் போவது அதனால்தான்.

போட்ட நொடியிலேயே விழுந்தால் கதை வேறு. ராஜபாளையத்தை அடுத்த தளவாய்புரம் நைட்டித் தையலுக்குப் பெயர் பெற்ற ஊர். அரைக் குதிரைத்திறன் மோட்டார் வைத்த தையல் மெஷின்கள் நான்கு ஒரே லைனில் ஓடும் வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஓடும்போது ஒவ்வொன்றும் இழுப்பது 3 ஆம்பியர் அளவுதான். கிளம்பும்போது அதுவே ஐந்தாறு மடங்கு. கரண்ட் போகும்போது சுவிட்சை அணைக்காமல் விட்டிருந்தால், திரும்பி வந்ததும் நான்கும் ஒன்றாகக் கிளம்பும். ‘பி’ வகை எம்.சி.பி. தன் அளவில் 3 முதல் 5 மடங்கிலேயே காந்தத்தால் விழுந்துவிடும். ‘சி’ வகை அப்படி விழுவது 5 முதல் 10 மடங்கில்தான். மோட்டார் லைனுக்கு அதே ஆம்பியரில் ‘சி’ போட்டாலே தீர்ந்துவிடும். ஒவ்வொன்றாகப் போடும் பழக்கம் இருந்தால் அந்தச் செலவும் மிச்சம்.

ஆம்பியரைக் கூட்டுவதுதான் கூடாது. எம்.சி.பி. காப்பது மிக்ஸியை அல்ல, சுவருக்குள் ஓடும் ஒயரை. 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயருக்கு 10, 2.5-க்கு 16 ஆம்பியர் என்பது வழக்கமான கணக்கு. மின்சாரம் இரண்டு மடங்கானால் ஒயரின் சூடு நான்கு மடங்கு. சாதாரண பி.வி.சி. உறைக்கு 70 டிகிரிதான் எல்லை. 10 இருந்த இடத்தில் 32 மாட்டினால் முதலில் உருகுவது ஒயர், எம்.சி.பி. சும்மா பார்த்துக்கொண்டிருக்கும். அந்தக் காலத்தில் பீஸ் கேரியரில் தடித்த செம்புக் கம்பி சுற்றிய அதே கெட்டிக்காரத்தனம்தான் இது.

விழுந்தால் அந்த லைனில் உள்ள எல்லா பிளக்கையும் பிடுங்கி, எல்லா சுவிட்சையும் அணையுங்கள். நெம்பை முழுக்கக் கீழே தள்ளிப் பிறகு ஏற்றுங்கள். அப்போதும் உடனே விழுந்தால் பழுது ஒயரிங்கில். திரும்பத் திரும்ப ஏற்றிப் பார்க்க வேண்டாம். கையால் அழுத்திப் பிடித்தாலும் உள்ளே அது துண்டித்துக்கொள்ளும். விழாமல் நின்றுவிட்டால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள், ஒவ்வொன்றின் வாட்டையும் கூட்டிக்கொண்டே. கூட்டல் சரியாக இருந்தும் சில நிமிஷத்தில் விழுகிறதா? எம்.சி.பி.யின் திருகு தளர்ந்து, அந்தச் சூடே பட்டையை வளைக்கலாம். அது ஒயர்மேன் பார்க்க வேண்டிய வேலை.

ஐப்பசி மழையில் விழுவது பெரும்பாலும் பக்கத்தில் இருக்கும் ஆர்.சி.சி.பி. அதற்கு லோடு கணக்கு கிடையாது. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே விழும். ஈரச்சுவரையும் ஹீட்டரையும் சந்தேகப்படுங்கள். அதை மட்டும் கழற்றிப் போட்டுவிடாதீர்கள். உயிர் காப்பது அதுதான்.

ஹீட்டருக்கும் ஏ.சி.க்கும் டி.பி. பெட்டியிலிருந்து தனித்தனி லைன் இழுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டாதீர்கள். மொத்த லோடு கூடினால் மின்வாரியத்தில் விண்ணப்பித்து அனுமதி லோடை உயர்த்திக்கொள்ளுங்கள். மீட்டருக்கு முன்னால் உள்ள பீஸ் வாரியத்துக்குச் சொந்தம். அது போனால் ‘மின்னகம்’ எண் 94987 94987; நீங்கள் கை வைக்க வேண்டாம்.