கொசுறுக்கும் விலை உண்டு, தெரியுமா?

காய்கறி வாங்கிக் கணக்கை முடித்துப் பையைத் தூக்கப் போகும் நேரத்தில், கடைக்காரர் ஒரு கொத்துக் கறிவேப்பிலையை எடுத்து மேலே செருகுவாரே, கொசுறு! அதற்கு அமெரிக்காவில் டாலர் கணக்கில் விலை கொடுக்க வேண்டும், தெரியுமா? இந்தியக் கடைகளின் குளிர்பெட்டியில் சின்னஞ்சிறு பிளாஸ்டிக் உறைக்குள் கிடக்கும். சில நாள் அதுவும் இருக்காது. ஏன் என்று கேட்டால், பதில் ஆரஞ்சுத் தோட்டத்திலிருந்து வருகிறது! கறிவேப்பிலை, எலுமிச்சை, ஆரஞ்சு எல்லாம் ஒரே தாவரக் குடும்பம். ஆரஞ்சு மரத்தைக் கொல்லும் நோய் ஒன்றைக் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு குட்டிப் பூச்சி பரப்புகிறது. அந்தப் பூச்சிக்குக் கறிவேப்பிலைச் செடி என்றால் கொள்ளைப் பிரியம். 1998-இல் ஃபுளோரிடாவில் பூச்சி தென்பட்டது. 2005-இல் நோயும் வந்து சேர்ந்தது. நோயும் புயல்களும் மாறி மாறி அடித்ததில் ஃபுளோரிடாவின் ஆரஞ்சு விளைச்சல் இருபது ஆண்டுகளில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டது. ஆகவே வெளிநாட்டுப் பச்சைக் கறிவேப்பிலைக்கு எல்லையிலேயே தடை. ஊரிலிருந்து பெட்டியில் ஒளித்துக் கொண்டுபோகும் அம்மாக்களே, விமான நிலையத்தில் மோப்ப நாய் இருக்கிறது!

சரி, வாழைப்பழம்? ஆஸ்திரேலியாவில் 2006-இல் வாழைப்பழம் ஆடம்பரப் பொருளாகிவிட்டது, தெரியுமா? அந்த ஆண்டு மார்ச் மாதம் லாரி என்ற புயல் குயின்ஸ்லாந்தின் இன்னிஸ்ஃபெயில் பக்கம் கரையேறியது. நாட்டின் வாழையில் பெரும்பகுதி அந்த ஒரு வட்டாரத்தில்தான். மரங்கள் எல்லாம் சாய்ந்தன. இரண்டு, மூன்று டாலருக்கு விற்ற கிலோ பழம் 12 டாலரைத் தாண்டியது. நாட்டின் பணவீக்கக் கணக்கையே வாழைப்பழம் மேலே தூக்கிவிட்டது என்றால் பாருங்கள்! வெளியிலிருந்து வரவழைத்தால் என்ன என்கிறீர்களா? பழத்தோடு நோயும் வந்துவிடும் என்ற பயத்தில் அவர்கள் போட்டிருக்கும் கட்டுப்பாடுகளைத் தாண்டி ஒரு சீப்புகூட உள்ளே வருவதில்லை. 2011-இல் யாசி புயல் வந்தபோது மறுபடியும் அதே கதை. ஆனால் ஒரு வாழைத் தோட்டம்கூட இல்லாத பிரிட்டனில், கடல் கடந்து வந்திறங்கும் வாழைப்பழம் உள்ளூர் ஆப்பிளைவிட மலிவு! விளைகிற நாட்டில் விலை ஏறுகிறது, விளையாத நாட்டில் கொட்டிக் கிடக்கிறது.

வெளிநாடு போன நம் ஆட்கள் முதல் மாதம் முழுக்கச் செய்யும் வேலை ஒன்று உண்டு: பெருக்கல். ஒரு டீயின் விலையைப் பார்த்ததும் மனத்துக்குள் ரூபாயாக மாற்றி, பெருமூச்சு விட்டு, தண்ணீர் குடித்துவிட்டு வருவார்கள். இந்தப் பெருக்கலே தேவைப்படாத ஒரு காலம் வளைகுடாவில் இருந்தது, தெரியுமா? குவைத், பஹ்ரைன், கத்தார், துபாய், ஓமன் எல்லாம் புழங்கியது நம் ரூபாயைத்தான்! அந்த வழியாகத் தங்கம் கடத்தப்பட்டு நம் அந்நியச் செலாவணி கரைந்ததால், 1959-இல் ரிசர்வ் வங்கி அந்த நாடுகளுக்கென்றே தனி நோட்டு அடித்தது. நிறம் வேறு, எண்ணுக்கு முன்னால் ‘இசட்’ எழுத்து. 1961-இல் குவைத் தன் சொந்த தினாரைக் கொண்டுவந்தபோது ஒரு தினாருக்கு என்ன விலை? பதின்மூன்றே கால் ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே. அவ்வளவுதான்! இன்று அதே தினார் 250 ரூபாயை எப்போதோ தாண்டிவிட்டது. 1966 ஜூன் 6 அன்று இந்தியா ரூபாயின் மதிப்பைக் குறைத்து, டாலர் ஒரே நாளில் 4 ரூபாய் 76 காசிலிருந்து 7 ரூபாய் 50 காசாக ஏறியதும், மிச்சமிருந்த வளைகுடா நாடுகள் கழன்றுகொள்ளத் தொடங்கின. ஓமன் மட்டும் 1970 வரை தாக்குப்பிடித்தது.

இந்தப் பெருக்கல் பொய் சொல்லும் என்பதைக் கண்டுபிடித்தவர்கள் சும்மா இருக்கவில்லை. 1986-இல் லண்டனின் ‘எக்கனாமிஸ்ட்’ பத்திரிகை ஊர் ஊராக பிக் மேக் பர்கரின் விலையை எடுத்து ஒப்பிட ஆரம்பித்தது. பாதி விளையாட்டாகத் தொடங்கியது. பொருளாதாரப் பாடநூலிலேயே ஏறிவிட்டது! இந்தியாவில் மாட்டிறைச்சி பர்கர் கிடையாதே, என்ன செய்தார்கள்? கோழி போட்ட மகாராஜா மேக்கைக் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள். பர்கர் வேண்டாம், பெரிய கணக்கே வேண்டும் என்பவர்களுக்கு உலக வங்கியின் ஒப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. அரிசி, வாடகை, மருத்துவம் என்று ஆயிரக்கணக்கான விலைகளைச் சேகரித்துப் போடும் கணக்கு அது. 2017-க்கான கணக்கில், அமெரிக்காவில் ஒரு டாலருக்குக் கிடைப்பது இந்தியாவில் 20 ரூபாய் 65 காசுக்கே கிடைத்தது. அந்த ஆண்டு வங்கியில் ஒரு டாலரின் மாற்று விலை 65 ரூபாய் 12 காசு! அதாவது அங்கே பெருக்கிப் பார்த்து மயங்கி விழுபவருக்கு, இங்கே அதே பணம் மூன்று மடங்குக்கும் மேல் வாங்கித் தரும்.

எல்லாப் பொருளுக்கும் இந்த மூன்று மடங்கு பொருந்துமா? அங்கேதான் வேடிக்கை! கைப்பேசி, மடிக்கணினி போன்றவை உலகம் முழுக்க ஏறத்தாழ ஒரே விலைதான். வரியைப் பொறுத்து இங்கே கூடுதலாகக்கூட இருக்கும். ஆனால் முடிவெட்டு? குழாய் ரிப்பேர்? துணி இஸ்திரி? பணக்கார நாட்டில் மனிதக் கை பட்டால் போதும், விலை எகிறிவிடும். கப்பலில் ஏற்றிக் கொண்டுபோக முடிந்த பொருள் போட்டியில் சமமாகிவிடுகிறது. முடிவெட்டைக் கப்பலில் ஏற்ற முடியாதே! தொழிற்சாலையில் ஒரு மணி நேரத்தில் நிறையச் செய்யும் நாட்டில் கூலி உயர்கிறது. நாவிதரும் அதே ஊரில்தானே வாடகை கொடுக்க வேண்டும்? அவர் கூலியும் சேர்ந்து உயர்கிறது. பேலா பலாசா, பால் சாமுவேல்சன் என்ற இருவர் 1964-இல் தனித்தனியாக எழுதிய விளக்கம் இது. தெருமுனை இஸ்திரி வண்டிக்காரர் நம் வாழ்க்கையில் எவ்வளவு பெரிய சலுகை என்பது, லண்டனில் ஞாயிற்றுக்கிழமை ஐந்து சட்டைகளைத் தானே தேய்த்துக்கொண்டு நிற்பவருக்குத்தான் தெரியும். அந்தச் சலுகையின் மறுபக்கம் வண்டிக்காரரின் குறைந்த வருமானம் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பணக்கார நாட்டில் கூலி எல்லோருக்கும் உயர்வு என்று முடிவுகட்டிவிடாதீர்கள். அமெரிக்காவில் டிப்ஸ் வாங்கும் ஓட்டல் பரிமாறுபவருக்கு மத்திய அரசின் சட்டப்படி முதலாளி கொடுக்க வேண்டிய குறைந்தபட்சக் கூலி மணிக்கு எவ்வளவு தெரியுமா? 2 டாலர் 13 சென்ட்! 1991-இலிருந்து அந்த எண் அசையவே இல்லை. சில மாநிலங்கள் தாமாகக் கூட்டிக் கொடுக்கின்றன. மற்ற இடங்களில் மிச்சத்தை நிரப்புவது உங்கள் டிப்ஸ்தான். பில்லில் பதினைந்து, இருபது சதவீதம் வைக்காமல் எழுந்தால் முறைக்கிறார்களே, காரணம் இதுதான். போதாக்குறைக்குக் கடை அலமாரியில் போட்டிருக்கும் விலையும் முழு விலை இல்லை, கல்லாவுக்கு வந்தபின் வரி ஏறும். வரி உள்பட அதிகபட்ச விலை பாக்கெட்டிலேயே அச்சாகியிருக்கும் ஊரிலிருந்து போனவர்களுக்கு இது புரியவே ஒரு வாரம் ஆகும்.

இனி எல்லைகளுக்கு வாருங்கள். விலை வித்தியாசத்தை வெறும் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் எல்லையில் நிற்க வேண்டும்! சனிக்கிழமையானால் சுவிட்சர்லாந்துக்காரர்கள் காரை எடுத்துக்கொண்டு ஜெர்மனியின் கொன்ஸ்டான்ஸ் நகருக்குப் படையெடுக்கிறார்கள். இறைச்சி, பற்பசை, டயபர் எல்லாம் வாங்கி, எல்லைச் சுங்கச் சோதனையில் முத்திரை வாங்கி, ஜெர்மன் வரியையும் திரும்ப வாங்கிக்கொள்கிறார்கள். உலகின் மிகப் பெரிய சம்பளக்காரர்கள், பற்பசைக்கு வரிசையில்! பொறுக்க முடியாத சுவிஸ் அரசு, வரியில்லாமல் கொண்டுவரும் வரம்பை 2025 ஜனவரி 1 முதல் 300 பிராங்கிலிருந்து 150 ஆகக் குறைத்துவிட்டது.

சிங்கப்பூர் இதற்கு ஒரு படி மேலே. ஜொகூர் பாலத்தைத் தாண்டினால் மலேசியாவில் பெட்ரோல் மலிவு. எல்லோரும் போய் நிரப்பிக்கொண்டு வந்தால் வரி என்னாவது? ஆகவே சிங்கப்பூர்ப் பதிவு எண் கொண்ட கார் நாட்டைவிட்டு வெளியேறும்போது அதன் டாங்கியில் முக்கால் பங்கு பெட்ரோல் இருந்தே ஆக வேண்டும். சட்டம்! 1989-இல் அரை டாங்கி என்று தொடங்கி, 1991-இல் முக்காலாக்கினார்கள். உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் அதிகாரி முள்ளை எட்டிப் பார்ப்பார். குறைந்தால் அபராதம், வண்டியும் திரும்ப வேண்டும். முள்ளையே ஏமாற்ற வித்தை செய்தவர்களும் உண்டு, அதற்கும் தனித் தண்டனை! மலேசியா என்ன சும்மாவா? தன் மானிய விலைப் பெட்ரோலான ரான் 95-ஐ வெளிநாட்டு வண்டிகளுக்கு ஊற்றக் கூடாது என்று 2010-இல் தடை போட்டது. கடலூர், விழுப்புரத்துக்காரர்களுக்கு இந்தக் கதை புதிதே இல்லை. புதுச்சேரி எல்லைக்குள் நுழைந்ததும் முதலில் வரும் பங்க்கில் ஏன் கூட்டம் என்று அவர்களைக் கேளுங்கள். அங்கே பெட்ரோலோடு நிற்காது என்பது தனிக் கதை.

அதே சிங்கப்பூரில், காரை வாங்கும் முன் கார் வைத்துக்கொள்ளும் உரிமையை ஏலத்தில் எடுக்க வேண்டும், தெரியுமா? 1990-இல் வந்த முறை. 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கான அந்தச் சான்றிதழின் விலை 1,50,000 சிங்கப்பூர் டாலரைத் தொட்டது. காருக்கு இல்லை, வெறும் காகிதத்துக்கு! அதுவும் பத்தே ஆண்டுக்கு. ஆனால் இதே ஊரில்தான் 2016-இல் இரண்டு டாலர் அளவில் கோழிச் சோறு விற்ற ஒரு தெருக்கடைக்கு மிஷெலின் நட்சத்திரம் கிடைத்தது. உலகிலேயே மலிவான நட்சத்திர உணவு! அரசு கட்டிக்கொடுத்த உணவங்காடிகள் அங்கே சாப்பாட்டு விலையைப் பிடித்து வைத்திருக்கின்றன. தேக்கா உணவங்காடியில் தோசையும் டீயும் சாப்பிட்டு ரயிலில் போகிறவருக்குச் சிங்கப்பூர் ஒரு விலை. கார் ஆசை வந்துவிட்டால் வேறு விலை. ‘உலகின் விலை உயர்ந்த நகரம்’ என்று பட்டியல் போடுகிறவர்கள் இவர்களில் யாரைக் கேட்டார்கள் என்று எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம்.

வாடகைக் கதை இன்னும் சுவை. தென்கொரியாவில் மாத வாடகை ஒரு காசு தராமல் வீட்டில் குடியிருக்கலாம்! ஜொன்சே என்கிறார்கள். வீட்டு மதிப்பில் பாதி, சில சமயம் அதற்கும் மேலே, மொத்தமாக உரிமையாளர் கையில் கொடுத்துவிட வேண்டும். இரண்டு ஆண்டு கழித்துக் காலி செய்யும்போது அப்படியே திரும்ப வாங்கிக்கொள்ளலாம். எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? மதுரையில் ஒத்திக்கு வீடு பிடித்தவர்களுக்குச் சொல்லித்தர வேண்டுமா என்ன! ஒத்தியில் வரும் வம்பும் அங்கே அப்படியே உண்டு. வீட்டு விலை விழுந்ததும் பணத்தைத் திருப்பித் தர முடியாமல் கைவிரித்த உரிமையாளர்கள், திட்டமிட்ட மோசடிகள் என்று பெருகி, 2023-இல் பாதிக்கப்பட்டவர்களுக்காகத் தனிச் சட்டமே போட வேண்டியதாயிற்று. ஜப்பானில் வேறு மாதிரி: பல இடங்களில் வீடு தந்ததற்கு நன்றியாக உரிமையாளருக்கு ஒரு மாத, இரண்டு மாத வாடகையை அன்பளிப்பாகத் தர வேண்டும். முன்பணம் அதற்கும் மேல் தனி. அன்பளிப்பு திரும்பி வராது!

குப்பை போடக் காசு கேட்டால் நம் ஊரில் என்ன நடக்கும்? சுவிட்சர்லாந்தின் பெரும்பாலான ஊர்களில் கட்டணம் சேர்ந்த பையில்தான் குப்பை போட வேண்டும். 35 லிட்டர் பை ஒன்று ஏறத்தாழ இரண்டு பிராங்க். சாங்க்ட் காலன் நகரில் 1975-இலேயே தொடங்கிவிட்டார்கள். ஏமாற்றி வேறு பையில் கட்டிப் போட்டால், பையைப் பிரித்து உள்ளே முகவரி எழுதிய கடிதம் கிடக்கிறதா என்று தேடி அபராதம் அனுப்புவார்கள்! பக்கத்து ஜெர்மனியிலோ ஒருமுறை மட்டும் பயன்படும் பாட்டிலைக் காலியாகக் கொடுத்தால் 25 சென்ட் திரும்பக் கிடைக்கும். இதே யோசனை 2022-இல் நீலகிரிக்கு வந்தது. டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதல், காலி பாட்டிலைக் கொடுத்தால் பத்து ரூபாய் திரும்ப!

எல்லாமே விலை உயர்ந்த ஐஸ்லாந்தில் ஒன்று மட்டும் மலிவு: வெந்நீர். பூமிக்கடியிலிருந்தே கொதித்து வருகிறது. பத்தில் ஒன்பது வீடுகள் அதில்தான் சூடாகின்றன. வீட்டைச் சுற்றி வந்த மிச்ச வெந்நீரை ரெய்க்யவிக் நகரின் நடைபாதைக்குக் கீழே ஓடவிட்டுப் பனியைக் கரைக்கிறார்கள்!

மருந்துக் கணக்கு தலை சுற்றும். ஹெபடைட்டிஸ் சி நோய்க்கு 2013 டிசம்பரில் அமெரிக்காவில் ஒரு மருந்து அனுமதி பெற்றது: சோஃபோஸ்புவிர். மாத்திரை ஒன்று ஆயிரம் டாலர். பன்னிரண்டு வாரத்துக்கு 84,000 டாலர்! அதே மருந்து, உரிமம் பெற்ற இந்திய நிறுவனங்களின் தயாரிப்பில் 2015-இல் இங்கே வந்தபோது முழுச் சிகிச்சைக்கும் ஆயிரம் டாலருக்குள் அடங்கியது. அங்கே ஒரு மாத்திரை, இங்கே ஒரு முழுச் சிகிச்சை! ஆம்புலன்ஸும் அப்படித்தான். தமிழ்நாட்டில் 2008 முதல் 108-ஐ அழைத்தால் காசில்லாமல் வந்து நிற்கும். அமெரிக்காவில் ஆம்புலன்ஸ் பில் ஆயிரம் டாலரைத் தாண்டுவது சாதாரணம் என்பதால், வலியோடு டாக்சி பிடிப்பவர்கள் இருக்கிறார்கள்.

கடைசியாக ஒரு காபி குடிப்போம், இத்தாலியில். அங்கே காபிக்கு இரண்டு விலை, தெரியுமா? கல்லாவை ஒட்டி நின்றபடி குடித்தால் ஒரு யூரோவும் சில சென்ட்டும். அதே காபியை மேசையில் உட்கார்ந்து குடித்தால் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு! 1911-இலேயே நின்று குடிக்கும் காபிக்கு உச்சவரம்பு வைக்க ஊராட்சிகளுக்கு அதிகாரம் கொடுத்துவிட்டார்கள். நம் ஓட்டல்களில் அதே இட்லிக்கு ஏ.சி. ஹாலில் தனி விலை இருப்பதைப் பார்த்தவர்கள் ஆச்சரியப்பட மாட்டார்கள். ஆனால் வெனிஸில் 1720-இல் திறந்த ஃப்ளோரியன் காபிக் கடையில் வெளியே சதுக்கத்தில் உட்கார்ந்தால் இன்னொன்றும் பில்லில் ஏறும். வாத்தியக் குழு வாசித்துக்கொண்டிருந்தால், இசைக்குத் தனியாகத் தலைக்கு ஒரு தொகை. நீங்கள் காது கொடுத்துக் கேட்டீர்களா, கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தீர்களா என்றெல்லாம் யாரும் விசாரிப்பதில்லை!